பனி விழ வேண்டிய உயரத்தில்

மதுரைப் பழைய ஊருக்குள் நைனா முகமதுவுக்கு ஆணி, கீல், பூட்டு, தாழ்ப்பாள் விற்கிற சின்னக் கடை இருந்தது. அவருடைய ஒரே மகள் சனோபர் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, லடாக் பக்கம் ஒரு பனிமலையில் ஆராய்ச்சி வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. அம்மா ஜெயினம்பு சமைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணம் கட்டிக் குடுக்கவேண்டிய புள்ளைய எவனாச்சும் ஐஸ்மலைக்கு அனுப்புவானா?"

"போயிட்டு வரட்டும் விடு" என்றார் நைனா முகமது. "குளுரு என்ன செஞ்சிரும்? ஸ்வெட்டர் போட்டுக்கிருவா."

வெயிலைத் தவிர வேறு எதையும் அறியாத உடம்பு அது. மேலே போன முதல் வாரம் முழுக்க சனோபர் வாந்தி எடுத்தாள். நாலு அடி நடந்தால் நெஞ்சு அடைத்தது. தகரம் வேய்ந்த இரண்டு அறைதான் ஆய்வு நிலையம். ஒரு பம்பு இரவும் பகலும் காற்றை இழுத்து வடிதாள் வழியாக விட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தாளில் படிகிற தூசியைத் தண்ணீரில் கரைத்து, துளித்துளியாக ஒரு குளிர்த்தட்டின் மேல் வைத்து, எந்தத் துளி எவ்வளவு குளிரில் பனிக்கட்டியாகிறது என்று பார்ப்பது அவளுடைய வேலை.

"இதுல பாக்க என்னம்மா இருக்கு?" என்று போனில் கேட்டார் அத்தா. "ஜீரோ டிகிரி வந்தா தண்ணி ஐஸாயிரும். அம்புட்டுத்தானே?"

"இல்லத்தா. சுத்தமான தண்ணித்துளி ஜீரோவுல உறையாது. மைனஸ் இருபது, முப்பதுக்குப் போனாலும் தண்ணியாவே நிக்கும். உள்ள ஒரு தூசியோ, ஒரு கிருமியோ இருந்தாத்தான் அதைச் சுத்தி ஐஸ் கட்ட ஆரம்பிக்கும். மேகத்துக்குள்ளயும் அப்படித்தான்."

"அப்ப உறையிறதுக்கும் ஒரு புடிமானம் வேணுங்குற."

அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போனது. இன்றைக்குக் கல்லூரியில் பாடம் நடத்தும்போதும் அதைத்தான் சொல்கிறாள்.

நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் கீழே கிராமத்தில் இருந்த ரிக்சின். ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள், போவார்கள். குளிர்காலம் முழுக்கத் தாள் மாற்றுவதும் பம்பில் உறைந்த பனியைத் தட்டுவதும் அவர்தான். அவருடைய மனைவி அங்மோ கிராமத்து ஓடைக்கரையில் பார்லியும் பட்டாணியும் போட்டு, மாடுகளையும் மேய்த்துவந்தாள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தங்குவது அவர்கள் வீட்டு மாடியறையில். ரிக்சினோடு பேசிப் பேசித்தான் சனோபருக்கு இந்தி வந்தது. அங்மோவுக்கு இந்தி சுத்தமாக வராது. இவளுக்கு அவள் பாஷை வராது. ஆனாலும் அடுப்படியில் இருவரும் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள், ஆளுக்கொரு பாஷையில்.

மூன்றாவது குளிர்காலத்தில் பனி விழுந்து பாதை அடைபட்டிருந்த சமயம் மதுரையில் நைனா முகமது இறந்துபோனார். கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். சனோபர் போன் செய்தபோதெல்லாம், "அத்தா தூங்குறாங்க", "அத்தா தொழுகப் போயிருக்காங்க" என்றாள் ஜெயினம்பு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாள். "ஒன்னால வரவும் முடியாது. தெரிஞ்சு அந்தக் குளுருல தனியா கிடந்து என்ன செய்வே? அதான் சொல்லல."

சனோபர் போனை வைத்துவிட்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். ரிக்சின் சொல்லி அங்மோவுக்கு விஷயம் தெரிந்தது. அவள் மாடியறைக்கு ஏறிவந்தாள். சனோபர் தினமும் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவாள் என்று கவனித்து வைத்திருந்தாள்போல. பெட்டியிலிருந்து புதுக் கம்பளம் ஒன்றை எடுத்து அந்தத் திக்குக்கு நேராக விரித்தாள். அறையில் இருந்த மற்ற ஆராய்ச்சிக்காரர்களை வெளியே போகச்சொல்லிக் கதவைச் சாத்தினாள். பிறகு சனோபரின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, விடியும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

*

வருஷங்கள் போயின. சனோபருக்கும் சாஜித்துக்கும் நிக்காஹ் ஆனது. சாஜித்துக்கு மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. அங்கேயே புதிதாக முளைத்த குடியிருப்பில் மாடி வீடு ஒன்று எடுத்துக்கொண்டு ஜெயினம்புவையும் கூட வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கல்லூரியில் சனோபருக்கு வேலை கிடைத்தது. கோடை விடுமுறையில் மட்டும் சில வாரம் மலைக்குப் போய்வருவாள்.

போகும்போதெல்லாம் மலை வேறு மாதிரி இருந்தது. முதல் வருஷம் நிலையத்து வாசலில் நின்றால் பனியாற்றின் முனை தெரியும். பிறகு அதைப் பார்க்க ஒரு மேடு ஏறவேண்டியிருந்தது. அப்புறம் பாதி நாள் நடை. பனி பின்வாங்கிய இடத்தில் எல்லாம் சாம்பல் நிறத்தில் சேறு. காற்று அடித்தால் அந்தச் சேற்றின் தூசி எழும்பி மேகத்துக்குப் போகும். மற்றத் தூசிகளைவிட அந்தச் சேற்றுத்தூசி இருந்தால் தண்ணீர் குறைந்த குளிரிலேயே உறைகிறது என்று அவளுடைய குளிர்த்தட்டு காட்டியது. உருகிப்போன பனி, தான் கிடந்த மண்ணை மேகத்துக்கு அனுப்பி இன்னொரு இடத்தில் பனியாகிறதா? அதனால் பனி கூடுமா, குறையுமா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் என்று யாரும் அப்போது இல்லை.

அந்தச் சேற்றுக்கு நடுவே ஓர் ஏரியும் வந்திருந்தது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கல்லும் மண்ணும்தான் அதற்குக் கரை. வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டு போனது. கிராமத்தார் சொல்லி அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டும் போனார்கள்.

ரிக்சினின் கண்ணில் கோளாறு இருப்பதை சனோபர் கண்டுபிடித்தது போன கோடையில். வடிதாளைக் கையில் வைத்துக்கொண்டு, எது மேல்பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசெல்லாம் பனியில் பட்டுத் திரும்பிய வெயிலைப் பார்த்த கண். இரண்டிலும் புரை விழுந்திருந்தது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"மதுரைக்கு வாங்க" என்றாள் சனோபர். "கண்ணுக்குன்னு எங்கெங்கிருந்தோ எங்க ஊருக்குத்தான் வர்றாங்க. எங்க வீட்டிலேயே தங்கிக்கலாம். ரெண்டு பேரும் வாங்க."

இரண்டு கண்ணையும் ஒரே சமயத்தில் செய்யமாட்டார்கள், இடையில் ஒரு மாதமாவது விடுவார்கள் என்று அவள் விளக்கியபோது அங்மோ கணவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ரிக்சின் மொழிபெயர்த்தார். "பசு சினையா இருக்கு. பார்லி அறுக்கணும். முதல் கண்ணுக்கு நான் தனியா போகணுமாம். ரெண்டாவது கண்ணுக்கு அவ வருவாளாம். அப்பத்தான் ஊரைச் சுத்திப் பாக்கும்போது எனக்கு ஒரு கண்ணாவது தெரியுமாம்."

*

அதே வருஷம் ஆகஸ்டு மாதம் ரிக்சின் ரயிலில் வந்து இறங்கினார். ஒரு பை நிறைய உலர்ந்த ஆப்ரிகாட் பழம். மதுரை வெயில் அவரைத் துவைத்து எடுத்தது. ஏர்கூலருக்கு நேராகப் பாயைப் போட்டு அவரைப் படுக்கவைத்து, ஜெயினம்பு அடிக்கொருதரம் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பாவம்மா இந்தத் தம்பி. மீனை எடுத்துத் தரையில போட்ட மாதிரி கிடக்கு."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடிக்குப் போவார். எதிரே யானைமலை. அவர் கண்ணுக்கு அது கலங்கலாக ஒரு பெரிய உருவம். "இதுல பனி எப்பப் போச்சு?" என்று ஒருநாள் கேட்டார். சனோபர் சிரித்துவிட்டாள். இதில் என்றைக்குமே பனி கிடையாது என்று அவள் சொன்னதை அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் சாஜித் அவரை ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கூட்டிவந்தான். கறுப்புக் கண்ணாடி, சொட்டுமருந்து, கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, குனியக்கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் ரிக்சின் ஜெயினம்புவின் முகத்தை உற்றுப் பார்த்துக் கைகூப்பினார். இத்தனை நாளும் சோறு போட்ட முகத்தை அப்போதுதான் பார்க்கிறார்.

அன்று சாயங்காலம் அங்மோவுக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். ஊரில் டவர் வந்துவந்து போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாகத் திரையில் அவள் முகம் தெரிந்ததும், "என்ன இப்படிக் கிழவி ஆயிட்டே!" என்றார் ரிக்சின். அதை சனோபரிடம் இந்தியிலும் சொன்னார். அங்மோ முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜெயினம்பு பின்னால் நின்று, "பசு கன்னு போட்டுருச்சான்னு கேளும்மா" என்றாள். இன்னும் இல்லை, இன்றோ நாளையோ என்றாள் அங்மோ. பிறகு போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினாள். மண் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே வரிசையாகப் பாத்திரங்கள். மூன்று நாளாக விடாத மழையாம்.

"மேலே எப்படி இருக்கு? நிலையத்துப் பக்கம் பனிதானே விழுது?" என்று கேட்கச்சொன்னாள் சனோபர்.

ரிக்சின் கேட்டார். பதில் வந்ததும் சிரிப்பு அடங்கி சனோபரைப் பார்த்தார். "அங்கயும் மழைதானாம். பம்பைப் பாத்துட்டு வந்த பையன் தொப்பலா நனைஞ்சு வந்தானாம். ஏரிக்கரை வரைக்கும் மழைதானாம்."

மழை என்றால் ஒத்தக்கடையில் வாசலில் வந்து நின்று சந்தோஷமாகக் கைநீட்டுவார்கள். அங்கே அப்படி இல்லை. மேகத்துக்குள் பனியாகப் பிறந்தது தரைக்கு வரும்வரை பனியாகவே இருக்கவேண்டிய உயரம் அது. காற்று சூடேறிவிட்டதால் வரும் வழியிலேயே உருகித் தண்ணீராக விழுகிறது. பனியாக விழுந்தால் விழுந்த இடத்தில் கிடக்கும். தண்ணீர் கிடக்காது. ஏரிக்கு ஓடும். ஏரி நிரம்பினால் அந்தக் கல்லும் மண்ணுமான கரை தாங்காது.

"இன்னைக்கு ராத்திரி மேட்டுல இருக்கிற மடத்துக்குப் போயிரச் சொல்லுங்க" என்றாள்.

ரிக்சின் சொன்னார். அங்மோ ஏதோ மறுத்தாள். இவர் குரலை உயர்த்தினார். கடைசியில் சரி என்றாள். "பசுவை ஓட்டிக்கிட்டுப் போறேங்கிறா" என்றார் அவர். அதோடு டவர் போய்விட்டது.

*

மறுநாள் காலையில் போன் கிடைக்கவில்லை. டவர் சரியாக நிற்காத ஊர்தானே என்று ரிக்சின் சாப்பிட்டார், சொட்டுமருந்து போட்டுக்கொண்டார். சனோபர் கல்லூரிக்குப் போனாள். மதியம் டில்லியிலிருந்து பழைய ஆய்வுத் தோழர் ஒருவர் அழைத்தார். ஏரி உடைந்துவிட்டது. கரையோர வீடுகள் எல்லாம் போய்விட்டன. மடத்துக்கு ஏறினவர்கள் பிழைத்தார்கள். அங்மோவும் முதலில் ஏறியிருக்கிறாள். பசு கொட்டிலை விட்டு நகரவில்லை, கன்று பாதி வெளியே வந்துவிட்டது என்று யாரோ சொல்லவும் திரும்பக் கீழே இறங்கிப் போயிருக்கிறாள்.

சனோபர் வீட்டுக்கு வந்து நேரே அடுப்படிக்குள் போனாள். சாஜித்தையும் கடையிலிருந்து வரச்சொன்னாள். கூடத்தில் ரிக்சின் ஏர்கூலருக்கு முன்னால் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இப்பச் சொல்லவேணாம்" என்றான் சாஜித் மெதுவாக. "அறுத்த கண்ணு. அழுது கிழுது புண்ணாகிப்போச்சுன்னா? ரெண்டு நாள் ஆறட்டும். அதுக்குள்ள அவங்க உசுரோட கிடைச்சாலும் கிடைச்சிருவாங்க."

"நானும் அதான் மச்சான் நெனைக்கிறேன்" என்றாள் சனோபர். உண்மையில் அவளுக்கு வாய் வரவில்லை.

ஜெயினம்பு அடுப்பை அணைத்தாள். "சொல்லிரும்மா."

"எப்படிம்மா?"

"எப்படியோ சொல்லு. ஒங்க அத்தா மவுத்தானப்ப நான் ஒங்கிட்ட மறைச்சேன். நல்லதுன்னு நெனைச்சுத்தான் மறைச்சேன். அத்தா தூங்குறாங்கன்னு நான் சொன்னதை நம்பி நீ அன்னைக்குச் சாப்புட்டே, சிரிச்சே. அதை நீ இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டதில்ல. ஆனா நீ மனசுல வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும். அந்தத் தம்பி எந்திரிச்சு இன்னொரு வேளை சோத்தை நிம்மதியாச் சாப்புட்டு, அப்புறம் தெரிஞ்சா, அந்தச் சோத்தை நெனைச்சே மனசை அறுத்துக்கிடும். போய்ச் சொல்லு."

சனோபர் அம்மாவைப் பார்த்தாள். அவர்களுக்குள் பேசப்படாமலே இருந்த விஷயம். கூடத்துக்குப் போனாள்.

ரிக்சின் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். தெரிந்த இந்தியில், சுற்றிவளைக்காமல், கேட்டதை அப்படியே சொன்னாள். ஏரி உடைந்ததை, அங்மோ மடத்துக்குப் போனதை, திரும்ப இறங்கியதை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "கன்னு?" என்று கேட்டார்.

"தெரியல."

"கன்னு வெளியே வந்திருக்கும்" என்றார். "வரலைன்னா அவ கையை விட்டு எடுத்திருப்பா. அவளுக்கு அது தெரியும்."

அப்போதுதான் அழுகை வந்தது. சத்தமே இல்லாமல் கண்ணாடிக்குக் கீழே வழிந்தது. கையைக் கொண்டுபோனவரைத் தடுத்து, "கசக்காதீங்க தம்பி, கசக்கக்கூடாது" என்றபடி ஜெயினம்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சுத்தமான பஞ்சை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினாள். வழிய வழிய ஒற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு பாக்கெட் பஞ்சு தீர்ந்து சாஜித் இன்னொன்று வாங்கிவந்தான்.

*

டாக்டர் அரைமனதாகத்தான் அனுமதி கொடுத்தார். சனோபர் லீவு போட்டுவிட்டு ரிக்சினை விமானத்தில் கூட்டிப்போனாள். ராணுவ வண்டியில் ஏறி, பாலம் போன இடத்தில் இறங்கி நடந்து, கிராமம் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு இல்லை. ஓடை இல்லை. ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவு வரைக்கும் சாம்பல் நிறச் சேறு. அந்த நிறம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ கோடைகளில் அதைத்தான் சின்னச்சின்னக் குப்பிகளில் அடைத்து எடுத்துப்போயிருக்கிறாள்.

அங்மோவின் உடல் நாலாவது நாள் ஓடை இருந்த தடத்தின் கீழ்ப்பக்கம் கிடைத்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல ரிக்சினைக் கூப்பிட்டார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி சனோபரிடம் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனார். இந்தக் கண்ணை ஏன் எனக்குத் திறந்துவைத்தீர்கள் என்று திரும்பிவந்து கேட்பார் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, "அவதான்" என்றார்.

மடத்தில் லாமாக்கள் மந்திரம் ஓதினார்கள். சனோபர் ஓர் ஓரமாக உட்கார்ந்து தனக்குத் தெரிந்த துஆவை ஓதினாள். அன்று இரவு படுத்தபோது கால் ஜில்லிட்டுப்போயிருந்தது. போர்வைக்குள் தானே தேய்த்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை.

மதுரைக்கு வந்து சேர்ந்ததும் ஜெயினம்பு அவளுக்குச் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சனோபர் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிக்கொண்டு வந்து, "அத்தாவுக்குக் கடைசியில ரொம்ப முடியாம இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள் சனோபர். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறாள். ஜெயினம்பு, கடையில் அவர் சாய்ந்ததிலிருந்து மையவாடியில் மண் போட்டதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். சனோபர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அம்மாவின் மடியிலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.

இரண்டாவது கண்ணுக்கு ரிக்சின் வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டும், "இது போதும்" என்கிறார். ஊர்க்காரர்களுக்கு மேட்டில் தகர வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் நிலையத்திலேயே தங்கிக்கொண்டார். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு வடிதாள் மாற்றுகிறார், அனுப்பிவைக்கிறார். டில்லிக்காரர்கள் கணக்குப் போடுகிறார்கள். சனோபருக்கும் அந்தக் கணக்கை அனுப்புகிறார்கள். அவள் திறந்து பார்ப்பதற்குச் சில நாள் ஆகிறது. ஆனாலும் பார்த்துவிடுகிறாள்.

போன ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் ரிக்சினே கூப்பிட்டார். இந்த வருஷம் இன்னும் சரியாகப் பனி விழவில்லை, மலை வெறுங்கல்லாகக் கிடக்கிறது என்றார். சனோபர் மேகத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"எங்கிட்டக் குடு" என்று ஜெயினம்பு போனை வாங்கினாள். "தம்பி, சாப்புட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள். அவர் அவருடைய பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னார். "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டே ஜெயினம்பு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.